கல்லோடு வந்த வித்தவுட்

ஜூன் 4, ஞாயிறு

கதிரேசன் இன்று கல் கொண்டுவந்தார். மூன்று கற்கள். ஈரக் கோணியில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறினார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன்.

என் மகன் அறிவழகன் விட்டுப்போன கடல்நீர்த் தொட்டியில் பழைய கற்கள் செத்துவிட்டனவாம். கல்லுக்கு ஏது உயிர் என்று கேட்டேன். கல்லின் துளைகளில் இருக்கும் கிருமிகள்தான் தண்ணீரைச் சுத்தம் செய்கின்றன, அவை போய்விட்டன என்றார். கதிரேசன் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவர். அறிவழகனின் சிநேகிதர். இரண்டு பேருக்கும் மீன் பைத்தியம். அறிவழகன் இறந்துபோன இந்த மூன்று வருஷமாக மாதம் ஒருமுறை வந்து தொட்டியைப் பார்த்துவிட்டுப் போவார். இப்போது வாரம் ஒருமுறை வருகிறார்.

கடலிலிருந்து கல் எடுப்பது குற்றம் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் முதலில் கேட்டேன். கடல் கல் இல்லை, சிமென்டில் வார்த்துத் தன் வீட்டுத் தொட்டியில் பத்து வருஷம் ஊறியது என்றார். சரி என்றேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேம்மா. கல்லுக்குள்ள என்னென்னவோ ஒளிஞ்சிருக்கும். எப்பவோ வாங்கின பவளத்தோட வந்து குடியேறினது. நாம கூப்பிடாமலே கூட வந்துடும். ஹிட்ச்ஹைக்கர்னு சொல்வாங்க."

"தமிழ்ல அதுக்குப் பேர் வித்தவுட்," என்றேன்.

சுகந்தி வாய்விட்டுச் சிரித்தாள். "போச்சு! அத்தை முப்பத்தோரு வருஷம் டிக்கெட் செக்கர். ஒண்ணொண்ணா பிடிச்சு இறக்கி விட்டுடுவாங்க."

சுகந்தி என் மருமகள். அவள் இப்படிச் சிரித்து வெகு நாளாயிற்று. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூன் 6, செவ்வாய்

முதல் வித்தவுட் பிடிபட்டது. விரல் நீளத்தில் ஒரு புழு. இளஞ்சிவப்பு, இரண்டு பக்கமும் வெள்ளை மயிர். கல்லுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி மீன் தின்னாமல் விட்ட உணவை இழுத்துக்கொண்டிருந்தது. இடுக்கி வழுக்கியதால் கையாலேயே பிடித்தேன். மயிர் என்று நினைத்தது முள். கண்ணாடி ஊசி போல் ஐம்பது அறுபது முள் விரலில் ஏறிவிட்டது.

சுகந்தி ஆபீசிலிருந்து வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். செலோடேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்தாள். பிறகு வினிகரில் விரலை முக்க வைத்தாள். கதிரேசனுக்கு ஃபோன் செய்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஐயோ, அது நல்லதும்மா. அடியில இருக்குற குப்பையெல்லாம் அதுதான் தின்னும். துப்புரவுப் பணியாளர்."

"அடையாள அட்டை இல்லையே."

"நீங்க கேட்டிருந்தா காட்டியிருக்கும்," என்றார். சுகந்தி திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

புழுவைத் திரும்பத் தொட்டியில் விட்டேன். தவறு என்று ஒப்புக்கொண்டதாகாது. இடமில்லாததால் விட்டேன்.

ஜூன் 7, புதன்

விரல் வீக்கம் குறைந்தது. வீங்கவே இல்லை என்றுதான் சுகந்தியிடம் சொல்லியிருந்தேன்.

ஜூன் 11, ஞாயிறு

இரண்டாவது: தண்டு போன்ற உடம்பு, உச்சியில் கண்ணாடி மாதிரி மெல்லிய விரல்கள். பார்க்க அழகு. தொட்டால் துளைக்குள் சுருங்குகிறது. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. மூன்று நாள் அகராதியும் ஃபோனுமாக உட்கார்ந்து நானே கண்டுபிடித்தேன். ஐப்டேசியா. ஒன்றைப் பிய்த்தால் பத்தாகும், பவளத்தைக் கொட்டியே கொல்லும்.

எனக்கு இங்கிலீஷ் யாரும் சொல்லித்தரவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. தமிழ் மீடியம். புருஷன் போன மறு வருஷம் கருணை அடிப்படையில் ரயில்வேயில் வேலை கொடுத்தபோது அறிவழகனுக்கு இரண்டு வயது. விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்துத்தான் பாஷையும் வந்தது, வேலையும் வந்தது. பின்னாளில் எந்த விதி எந்தப் பக்கத்தில் என்று அதிகாரிகளே என்னிடம் வந்து கேட்பார்கள். பதவி உயர்வு மட்டும் வேறு யாருக்காவது போகும்.

ஐப்டேசியாவுக்கு என்ன மருந்து என்று கதிரேசன் யோசித்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் ஏதோ கால்சியம் பசையை ஊசியில் ஏற்றி அதன் வாயில் வைக்கிறார்களாம். அந்தப் பசையின் ரசாயனப் பெயரைப் படித்துக் காட்டினார். நான் தெருமுனை வெற்றிலைக் கடைக்குப் போய் ஒரு டப்பா சுண்ணாம்பு வாங்கி வந்தேன். அதே சரக்குதான். பம்பை நிறுத்திவிட்டு, ஊசியில் ஏற்றி, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சொட்டு. பத்து நிமிஷத்தில் ஒன்பதும் கரைந்தன.

"அம்மா, இதை நான் எங்க ஆபீஸ்ல சொன்னா நம்ப மாட்டாங்க," என்றார் கதிரேசன்.

சுகந்தி காபி கொண்டுவந்தாள். அவருக்குச் சர்க்கரை போடவில்லை. அவருக்குச் சர்க்கரை வேண்டாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜூன் 18, ஞாயிறு

தொட்டிக்குள் சத்தம். டக். யாரோ கண்ணாடியை நகத்தால் சுண்டுகிற மாதிரி. நிமிஷத்துக்கு ஒருமுறை, சில சமயம் ஒரு மணிக்கு ஒருமுறை. மூன்று நாளாகக் கேட்கிறேன். இன்று காலையில் சின்ன க்ளௌன் மீனுக்கு வால் கிழிந்திருந்தது. அந்த ஜோடி அறிவழகன் தன் கையால் விட்டது. எட்டு வருஷ மீன்கள்.

கதிரேசன் கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டார். "ரெண்டுல ஒண்ணும்மா. மாண்டிஸ் இறாலா இருக்கலாம். கும்பிடுற மாதிரி ரெண்டு கையையும் மடக்கி வச்சிருக்கும், ஒரே அடியில நண்டு ஓட்டையே உடைக்கும். மீனையும் விடாது. இல்லேன்னா பிஸ்டல் இறால். அதுக்கு ஒரு கை மட்டும் பெருசா இருக்கும். சொடுக்குப் போடுமே தவிர மீன் கிட்ட வராது. சத்தம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். பாக்காம முடிவு பண்ணாதீங்க."

முகத்தைப் பார்த்தே டிக்கெட் இல்லாதவனைச் சொன்னவள் நான். கழிவறைக் கதவைத் தட்டுகிற தட்டிலேயே உள்ளே எத்தனை பேர் என்று சொல்வேன்.

மாண்டிஸ். உறுதி.

ஜூன் 21, புதன்

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு பேசணும்," என்றாள் சுகந்தி. பொறி செய்துகொண்டிருந்தேன். தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்துத் தலைகீழாகச் செருகி, உள்ளே ஒரு துண்டு இறால். கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டேன். எடுத்துக் கொடுத்தாள். பிறகு துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஜூன் 25, ஞாயிறு

பொறியில் நண்டு. உடம்பெல்லாம் ரோமம், நகங்களின் நுனி கறுப்பு. மாலை வெயில் இறங்கும் நேரத்தில் விழுந்தது. கதிரேசன் பார்த்ததுமே கெட்டது என்றார். தூங்குகிற மீனைப் பிடிக்கும் வகையாம். அவர் வீட்டில் தனி டப்பாவில் வைத்துக்கொள்வதாக எடுத்துப்போனார்.

ஆனால் சத்தம் நிற்கவில்லை. நான் தேடுவது இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

சின்ன மீனின் வால் இன்னும் ஆறவில்லை.

ஜூலை 2, ஞாயிறு

காலையில் உப்பு கரைத்துக்கொண்டிருந்தேன். சுகந்தி வந்து பக்கெட்டுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தாள்.

"அத்தை, கதிரேசன் என்னைக் கேட்டிருக்கார்."

"என்ன கேட்டிருக்கார்?"

"என்னைத்தான்."

நான் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். உப்பு நன்றாகக் கரைய வேண்டும்.

"நான் பதில் சொல்லல. அத்தைகிட்ட சொல்லாம சொல்ல மாட்டேன்னுட்டேன். எங்க போனாலும் நீங்க கூட வரணும்னும் சொல்லிட்டேன். அவர் அதுக்கு, அம்மா வந்தா என்னை டெய்லி டிக்கெட் கேப்பாங்களேன்னு..." சிரிக்கப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை.

"உன் வேலை எப்படி வந்தது?"

"அவர் ரயில்வேயில இருக்கும்போதே போனதால... கருணை அடிப்படையில."

"யாரோட விதவைன்னு குடுத்தாங்க?"

அவள் முகம் மாறியது. நான் சொன்னேன். எண்பத்தெட்டில் என்னையும் ஒருவர் கேட்டார். புருஷன் பேரில் வந்த வேலை, மறுமணம் செய்தால் வேலை போய்விடும் என்றார்கள். கையில் ஐந்து வயதுப் பிள்ளை. நான் முடியாது என்றேன்.

"நிஜமாவா அத்தை? வேலை போயிடுமா?"

"விதிப் புத்தகத்துல எனக்குத் தெரியாத விதி உண்டா?"

அவள் அப்பாவின் மருந்து மாத்திரை முழுக்க அவள் சம்பளத்தில் நடக்கிறது. எழுந்து உள்ளே போனாள்.

நான் அவளிடம் சொன்னது எனக்குச் சொல்லப்பட்டதைத்தான். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

ஜூலை 4, செவ்வாய்

ஆபீசில் யாரிடமாவது கேட்டாளா என்று விசாரித்தேன்.

"எப்படிக் கேக்குறது அத்தை? யாருக்கு, என்னத்துக்குன்னு வரும். அடுத்த நாள் கேன்டீன் பூரா என் கல்யாணம்தான் பேச்சா இருக்கும்."

நானும் அதனால்தான் கேட்கவில்லை, அந்தக் காலத்தில்.

ஜூலை 5, புதன்

உப்பின் அளவு சரி. வெப்பம் 27. டக் சத்தம் நான்கு தடவை. சின்ன மீனின் வால் ஆறி வருகிறது.

ஜூலை 9, ஞாயிறு

கதிரேசன் வரவில்லை. வாராவாரம் அவர் செய்யும் பரிசோதனைகளை நானே செய்தேன். குழாயில் சொட்டு மருந்து விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பச்சையா நீலமா என்று எனக்குத் தெரியவில்லை. சுகந்தியைக் கூப்பிட்டேன். வந்து பார்த்து, பச்சை என்று சொல்லிவிட்டு நின்றாள்.

"அவர்கிட்ட சொல்லிட்டேன் அத்தை. இனிமே வர வேணாம்னு. வந்தா கஷ்டமா இருக்கும், ரெண்டு பேருக்கும்."

நான் குழாயைக் கழுவினேன்.

"நீங்க கவலைப்படாதீங்க. நானும் உங்களை மாதிரியே இருந்துடறேன். நீங்க இருக்கலையா?"

குறையாகச் சொல்லவில்லை. ஆறுதலாகச் சொன்னாள்.

ஜூலை 10, திங்கள்

நான் இருந்தேன்.

ஜூலை 12, புதன்

இன்று தீர்த்துக்கட்டுவது என்று முடிவு செய்தேன். கல்லைச் சோடாவில் முக்கினால் உள்ளே இருப்பது மூச்சுத் திணறி வெளியே வரும் என்று படித்திருந்தேன். முத்தையா கடைக்குப் போய் ஆறு சோடா கேட்டேன்.

"பன்னீரா, லெமனா?"

"வெறும் சோடா. இனிப்பு இருக்கக் கூடாது, கலர் இருக்கக் கூடாது."

"ஆறா? அஜீரணமாம்மா?"

"எனக்கில்லை. கல்லுக்கு."

முத்தையா ஆறு பாட்டிலை எண்ணிப் பையில் வைத்தார்.

வெயில் கொளுத்துகிற மதியம். சுகந்தி ஆபீசில். கல்லை எடுத்துப் பக்கெட்டில் வைத்துச் சோடாவை ஊற்றினேன். நுரைத்தது. முதலில் இரண்டு முள்புழு நெளிந்து வந்தன. அவற்றை எடுத்துத் தொட்டியில் விட்டேன். பிறகு ஒரு துளையிலிருந்து கட்டைவிரல் பாதி அளவில் ஒன்று பின்பக்கமாக நழுவி விழுந்தது. சல்லடைக் கரண்டியால் எடுத்து டம்ளரில் போட்டு, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன்.

கும்பிடும் கைகள் இல்லை. ஒரு கை சாதாரணம். ஒரு கை மட்டும் குத்துச்சண்டைக்காரன் உறை போட்டது போல் பெரிது. பிஸ்டல் இறால். மீன் பக்கமே போகாதது. வாலைக் கிழித்தது அந்த நண்டு. நண்டு போன பிறகுதான் வால் ஆறத் தொடங்கியதை நானே இதில் எழுதியிருக்கிறேன். எழுதினேனே தவிர படிக்கவில்லை.

டம்ளரில் அது ஒருக்களித்துக் கிடந்தது. கால்கள் அசையவில்லை. தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, காற்றுக் குழாயை உள்ளே விட்டு, படியில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு லோகநாயகி எட்டிப் பார்த்து, "என்னக்கா அது, கையில?" என்றாள். டம்ளரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். இருபது நிமிஷத்துக்குப் பிறகு பெரிய கை மெல்லத் திறந்து மூடியது. டக்.

தொட்டியில் விட்டேன். கல்லுக்கு அடியில் போய்விட்டது.

ஜூன் 18-ல் எழுதிய இரண்டு வார்த்தைகளையும் அடித்தேன். இந்த நோட்டில் அடித்தல் இதுதான் முதல்.

ஜூலை 13, வியாழன்

ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

எண்பத்தெட்டில் வேலை போய்விடும் என்று சொன்னது ஆபீஸ் இல்லை. கூட வேலை செய்த சரோஜினிபாய். டிபன் சாப்பிடும்போது, அவளுக்கு யாரோ சொன்னதாகச் சொன்னாள். நான் போய் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்பார்கள். அப்போது என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டவர் பெயர் சௌந்தரராஜன். சரக்கு ரயில் கார்டு. இரண்டு வருஷம் காத்திருந்தார். பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

தொண்ணூற்றொன்பதில் பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிக்கும்போது அந்தச் சுற்றறிக்கை கையில் வந்தது. கருணை அடிப்படையில் வேலை பெற்ற விதவை மறுமணம் செய்துகொண்டாலும் பணியில் தொடரலாம். ஒரே வரி. நகல் எடுத்து இரும்புப் பெட்டியில் அடியில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியாது.

அப்படியானால் ஜூலை 2 அன்று எனக்கு அது தெரியும். இருபத்து நாலு வருஷமாகத் தெரியும்.

சாயங்காலம் சுகந்தி செருப்பைக் கழற்றுவதற்குள் காகிதத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தாள். இரண்டாம் முறை உட்கார்ந்து படித்தாள்.

"இது எப்ப கிடைச்சுது அத்தை?"

கண்டெடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"தொண்ணூத்தொன்பதுல."

"அப்போ அன்னைக்கு பக்கெட் முன்னாடி..."

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

"ஏன்?"

"நீ போயிடுவே."

அவள் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "உங்களுக்குப் பண்ணினாங்கல்ல அத்தை, அதையே... அதையே எடுத்து எனக்கு..." முடிக்கவில்லை. அறைக்குள் போனாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். ஓங்கிச் சாத்தியிருந்தால் தேவலை.

ஜூலை 14, வெள்ளி

பேசவில்லை. எனக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டுத்தான் போனாள்.

ஜூலை 15, சனி

பேசவில்லை.

ஜூலை 16, ஞாயிறு

கதிரேசன் வந்தார். அவள்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். நேரே தொட்டி முன்னால் போய் முழங்காலிட்டுப் பார்த்தார். இறால் துளை வாசலில் பெரிய கையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"பிஸ்டல்," என்றார்.

"ஆமாம்."

"பாக்காம முடிவு பண்ணிட்டீங்க."

இறாலைப் பற்றித்தான் சொன்னாரா தெரியாது. "தப்பு என்னுது," என்றேன். "மன்னிப்புக் கேக்க எனக்கு வராது."

"அது ஊருக்கே தெரியுமேம்மா. யாரு இப்ப கேட்டாங்க? பரிசோதனை பண்ணீங்களா, போன வாரம்?"

"பச்சையா நீலமான்னு தெரியல."

"கண்ணு டாக்டரைப் பாத்தீங்களா?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

சமையலறையில் சுகந்தியின் சத்தம் கேட்டது. இருமலாகவும் இருக்கலாம். அவர் போன பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தாள். மூன்று நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

"அவர் எப்படி இருப்பார் அத்தை? அந்தக் காலத்துல உங்களைக் கேட்டவர்."

"ஒல்லியா. சத்தமா சிரிப்பார். ரயில் வரும்போதே சிரிப்பு முன்னாடி வந்துடும்."

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, விஷயம் தெரிஞ்சப்பவாவது?"

"அவருக்கு அப்போ ரெண்டு பொண்ணு."

என் கையைப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டாள். "எனக்கு இன்னும் கோவம் இருக்கு," என்றாள்.

"இருக்கட்டும்," என்றேன்.

ஜூலை 20, வியாழன்

பதிவு அலுவலகத்தில் கல்யாண நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் ஒட்டி வைப்பார்களாம். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று சுகந்தி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு எழுத நேரமில்லை," என்றேன்.

அம்பத்தூரில் கதிரேசன் வீட்டுக்கு நான் போவதாக இல்லை. அதை இரண்டு பேரிடமும் தெளிவாகச் சொல்லிவிட்டேன். தொட்டியும் நகராது, நானும் நகர மாட்டேன். கதிரேசன் எங்கள் தெருவில் வீடு பார்க்கத் தொடங்கியிருக்கிறார். அவர் இஷ்டம்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

புதிய வித்தவுட்: கண்ணாடியில் சோறு போல் வெள்ளையாகச் சின்ன நட்சத்திர மீன்கள், எட்டு. ஒரு கால் குறைந்ததும் இருக்கிறது, ஒரு கால் கூடியதும் இருக்கிறது. நல்லதா கெட்டதா என்று இரண்டு கட்சியாகச் சண்டை போடுகிறார்கள் படித்தவர்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவசரமில்லை.

ஆகஸ்ட் 23, புதன்

காலை பத்தரைக்குப் பதிவு. சுகந்தி நீலப் பட்டு. அவள் அப்பாவைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்திருந்தார்கள். சாட்சிக்கு மூன்று பேர் வேண்டும். கதிரேசனின் அண்ணன், சுகந்தியின் ஆபீஸ் தோழி, நான்.

எழுத்தர் இளவயதுக்காரர். என் ஆதாரைப் பார்த்து எழுதிக்கொண்டே கேட்டார்.

"கனகவல்லி. சரி. நீங்க யாருக்கு உறவும்மா?"

"பொண்ணுக்கு."

"என்ன உறவு?"

"மாமியார்."

எழுதப்போனவர் நிறுத்தினார். "அப்போ மாப்பிள்ளையோட அம்மா."

"இல்லை. மாப்பிள்ளையோட அம்மா உயிரோட இல்லை. நான் பொண்ணோட மாமியார்."

"பொண்ணோட மாமியார்னா மாப்பிள்ளையோட அம்மாதானேம்மா?"

"எல்லா இடத்துலயும் அப்படி இல்லை."

பின்னால் கதிரேசன் சிரிப்பை அடக்குவது கேட்டது. எழுத்தர் பேனாவை வைத்துவிட்டார். "அம்மா, வரிசையில ஆள் நிக்குது. சிநேகிதின்னு போட்டுடவா? தெரிஞ்சவங்கன்னு போட்டாலும் போதும்."

"தெரிஞ்சவங்களா? பதிமூணு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். எழுதறதைச் சரியா எழுதுங்க."

"சார்," என்றாள் சுகந்தி. அழுதாளா சிரித்தாளா, குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. "அவங்க சொல்றதை எழுதிடுங்க. அவங்க விட மாட்டாங்க."

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுதினார். நான் குனிந்து எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தேன். மாமியாரில் துணைக்கால் சரியாக இருந்தது. அதற்கு நேரே கையெழுத்துப் போட்டேன்.